மகள் பின்னியதை விற்று உதவி செய்ய நினைக்கிறாள்: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: பதினொரு வயது மகள் குரோஷா பின்னக் கற்றிருக்கிறாள். பின்னியதை விற்று, வரும் பணத்தைக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். படிப்பு கெடுமோ, சொந்தக்காரர்களிடம் கையேந்துவது போல ஆகிவிடுமோ, இணையத்தில் அவள் படத்தைப் போடலாமா, கடைசியில் பணத்தை எங்கே கொடுப்பது என்று நீங்கள் தயங்குகிறீர்கள். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாணவிகள் செய்த பொருள்களை வைத்துக் கண்காட்சியும் விற்பனையும் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நூல் வாங்கப் போகாதீர்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு என்பது முடிவாகட்டும். 'கஷ்டப்படுகிறவர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் குழந்தைக்கும் ஒன்றும் விளங்காது, வாங்குகிறவருக்கும் விளங்காது. உங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வருகிற ஆறு பேருக்கு மழைக்கோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஐந்நூறு ரூபாய் என்றால் ஆறுக்கு மூவாயிரம். அவ்வளவுதான். இப்போது அவள் கையில் ஓர் எண் இருக்கிறது.

அந்த எண்ணையும் விசாரித்தே வைக்க வேண்டும். கனடாவின் ரையன் ரெல்யாக் கதை இதற்கு நல்ல பாடம். 1998 ஜனவரியில் ரையன் ஆறு வயதுப் பையன், முதல் வகுப்பு. எழுபது டாலர் இருந்தால் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு தோண்டலாம் என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். பையன் வீட்டு வேலைகள் செய்து, நான்கு மாதத்தில் எழுபது டாலர் சேர்த்தான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் எழுபது டாலருக்குக் கைப்பம்பு மட்டும்தான் வரும், கிணறு தோண்ட இரண்டாயிரம் ஆகும் என்று தெரிந்தது. இன்னும் வேலை செய்கிறேன் என்று அவன் சொன்னதைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். 1999 ஜனவரியில் வடக்கு உகாண்டாவின் அங்கோலோ தொடக்கப் பள்ளியில் அந்தக் கிணறு வந்துவிட்டது. 2001-இல் அவன் பெயரில் ஓர் அறக்கட்டளையே உருவானது. எனக்கு அந்தக் கதையில் கண்ணில் படுவது வேறு: நான்கு மாதம் உழைப்பதற்கு முன் யாராவது ஒரு பெரியவர் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து விலையைக் கேட்டிருக்கலாம். ரையன் தளராத பையன். எல்லாக் குழந்தைகளும் அப்படி இருக்க மாட்டார்கள். எழுபது திடீரென்று இரண்டாயிரமானால் பெரும்பாலான பிள்ளைகள் அழுதுவிட்டு ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே மழைக்கோட்டு என்றால் கடையில் விலை கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்தத் தொழிலாளர்களிடமே கேளுங்கள். மகளையும் கூட அழைத்துப் போய், "அண்ணா, மழைக்காலத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று அவளையே கேட்க வையுங்கள். கோட்டு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், காலில் போடும் பூட்ஸ்தான் ஓட்டையாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லக்கூடும். கோட்டு போட்டால் வியர்த்து வேலை செய்ய முடியவில்லை, ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் டீ சூடாக இருக்கும் என்றும் சொல்லக்கூடும். நாம் நினைத்தது வேறு, அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு என்பதைப் பதினொரு வயதில் தெரிந்துகொள்வது, குரோஷாவில் புதிதாக ஒரு பூ பின்னக் கற்பதை விடப் பெரிய விஷயம். இதெல்லாம் மாநகராட்சியோ ஒப்பந்ததாரரோ கொடுக்க வேண்டியதுதானே என்று மகள் கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி பொருளுக்கு வருவோம். கைவினை விற்பனையில் பெற்றோர் போடாமல் விடுகிற கணக்கு நேரக் கணக்கு. ஒரு சின்னச் சுருக்குப்பை என்று எடுத்துக்கொண்டால், உல்லன் நூல், கயிறு, மணி, உறை எல்லாம் சேர்த்து இருபத்தைந்து ரூபாய் ஆகிறது, தொண்ணூறுக்கு விற்கலாம், மீதி அறுபத்தைந்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிதாகப் பின்னுகிற குழந்தைக்கு ஒரு பைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். மூவாயிரம் ரூபாய் சேர நாற்பத்தேழு பை, அதாவது தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல். சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதம். அதற்குள் மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிடும்.

அதற்குப் பதில் ஹேர் கிளிப்பில் தைத்த ஒரு பூ. அடக்கம் பத்து ரூபாய், விலை நாற்பது, மீதி முப்பது. அரை மணி நேரத்தில் ஒன்று முடியும். நூறு பூ, ஐம்பது மணி நேரம், மூவாயிரம் ரூபாய். பையில் மணிக்கு முப்பத்திரண்டு ரூபாய் நின்றது, பூவில் அறுபது. விலை குறைந்த பொருளில்தான் வரவு இரட்டிப்பு. (என் எண்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் நூல் விலையையும், கடிகாரத்தை வைத்துப் பார்த்த உங்கள் மகளின் வேகத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.)

சின்னப் பொருள், சின்ன விலை என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் சேக்குட்டி பொம்மை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்களின் ஓணச் சேலைகள் சேற்றில் மூழ்கிக் கறை பிடித்துப் போயின. எரித்துவிடத்தான் இருந்தார்கள். லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் இருவரும் அந்தச் சேலைகளைக் கிருமி நீக்கி, வெட்டி, குட்டிப் பொம்மைகளாக்கும் யோசனையைச் சொன்னார்கள். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று விலை போயிருக்க வேண்டிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய். ஆக ஒரு சேலைக்கு 9,000 ரூபாய். வெள்ளம் வராமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விடப் பல மடங்கு! பொம்மைகளைச் செய்தது ஊர் ஊராகச் சேர்ந்த தன்னார்வலர்கள். அவர்களில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. இருபத்தைந்து ரூபாய்ப் பொருளை வாங்க யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. வாங்கிப் பையில் தொங்கவிட்டால் பார்க்கிறவர்கள் "இது என்ன?" என்று கேட்பார்கள். கறையை அவர்கள் மறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரில் பூ கிளிப்புக்கு நவராத்திரியைப் போல ஒரு சந்தை கிடையாது. கொலு வைக்கிற வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்க முப்பது, நாற்பது சின்னப் பொருள்களை ஒரே மூச்சில் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவும் குங்குமச் சிமிழும் கொடுத்து அவர்களுக்கே சலித்துவிட்டது. இரண்டு மாமிகளைப் பிடித்தால் நூறு பூவும் போய்விடும். அப்படியென்றால் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ பின்ன ஆரம்பித்து, வாரம் நான்கு மணி நேரம் என்று வைத்தால் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் முடியும். பரீட்சை வாரத்தில் ஊசியைத் தொடக் கூடாது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முன்பணம் வாங்காதீர்கள், ஆர்டர் எடுக்காதீர்கள். செய்து முடித்ததை மட்டும் விற்கட்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லா கிராஸ் என்ற ஊரில் ஜோனா லார்சன் என்றொரு பையன். எத்தியோப்பியாவில் பிறந்து, கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டவன். ஐந்து வயதில் கைவினைச் சாமான்கள் இருந்த பையில் ஒரு குரோஷா ஊசியைக் கண்டெடுத்து, யூடியூப் பார்த்துத் தானே பின்னக் கற்றான். 2019-இல், அவனுக்குப் பதினொரு வயதில், உள்ளூர்ப் பத்திரிகையில் அவனைப் பற்றிச் செய்தி வந்தது. அது பரவியதும் ஒரு பையனின் இரண்டு கைகளால் ஒருபோதும் செய்து முடிக்க முடியாத அளவுக்கு ஆர்டர்கள் குவிந்துவிட்டன. புதிய ஆர்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பள்ளியிலிருந்து வந்ததும் மனம் அமைதியாகட்டும் என்று பின்னிக்கொண்டிருந்தவன் அவன். அதையே அவனுக்கு இரவு பகலாகத் தொழிலாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிற்பாடு ஜோனாவும் குடும்பத்தாரும் எடுத்த வழி கெட்டிக்காரத்தனமானது. குரோஷா பின்னுகிறவர்கள் பல இடங்களிலிருந்து சதுரத் துண்டுகள் பின்னி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் இணைத்து ஒரே போர்வையாக்கி, குலுக்கல் முறையில் நிதி திரட்டினார்கள். எத்தியோப்பியாவில் அவன் பிறந்த பகுதியின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அந்தப் பணம் போனது. பல பேருக்குப் பல பொருள் செய்யாமல், பல பேர் சேர்ந்து செய்த ஒரு பொருள். உங்கள் குடியிருப்பில் பின்னத் தெரிந்த பாட்டிமார் நாலு பேர் இருந்தால் நீங்களும் செய்யலாம். ஆனால் குலுக்கல் மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியம்தானே என்று சீட்டு அச்சடித்து விற்று வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏலம் விடுங்கள். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்தில் சாமி வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தையே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற ஊர் நம்முடையது. ஒரு போர்வை போகாதா?

கையேந்துவது போல ஆகுமோ என்று கேட்டிருந்தீர்கள். பொருள் சரியில்லையென்றால் ஆகும்! பாட்டி வாங்குவார், சித்தி வாங்குவார், எதிர்வீட்டு மாமா பாவம் என்று வாங்குவார். குழந்தையை முன்னே பின்னே தெரியாத ஒருவர், கதை எதுவும் கேட்காமல், இந்தப் பூவுக்கு நாற்பது ரூபாய் கொடுப்பாரா? அதுதான் அளவுகோல். நூல் முனைகள் வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருக்க வேண்டும். எல்லா இதழும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். சிவப்பு, கருநீல நூல்களை முதலில் ஒரு துண்டு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாயம் போனால் வாங்கியவர் பட்டுப் பாவாடை வீணாகும். பசை வைத்து ஒட்டாமல் கிளிப்போடு சேர்த்துத் தைக்கட்டும். பொம்மை பின்னினால் கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைக்காமல் நூலாலேயே தைக்கச் சொல்லுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது போகக்கூடும். முதலில் பின்னிய பத்து சுமாராகத்தான் இருக்கும். அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்கு வேண்டாம்.

நீங்களும் உட்கார்ந்து பாதி பின்னினால் தவறில்லை. ஆனால் அட்டையில் 'அம்மாவும் மகளும் பின்னியது' என்று எழுதுங்கள். அம்மா பின்னியதற்கெல்லாம் குழந்தை பெயரைப் போட்டு விற்கிற வழக்கம் பள்ளிக் கண்காட்சிகளில் நிறைய உண்டு. தெர்மோகோல் எரிமலையிலிருந்தே தொடங்கிவிட்ட பழக்கம் அது. குழந்தைக்கு உண்மை தெரியும், அதுதான் சங்கடம்.

நூலுக்கு முதல் போடுவது நீங்கள். அதை அன்பளிப்பாகக் கொடுக்காதீர்கள், கடனாகக் கொடுங்கள். நூறு பூவுக்கு ஆயிரம் ரூபாய் என்றால், நாலாயிரம் வந்ததும் முதல் ஆயிரம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். அப்போதுதான் விற்ற பணம் வேறு, மிஞ்சிய பணம் வேறு என்று அவளுக்குத் தெரியும். வாங்குகிறவர்களிடமும் அதையே சொல்ல வேண்டும். 'முழுத் தொகையும் உதவிக்கு' என்று எழுதிவிட்டு நூல் செலவைக் கழிப்பது சரியல்ல. 'நூல் செலவு போக மீதி உதவிக்கு' என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று மகள் நினைத்தால் முகம் சுளிக்காதீர்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள். ஐம்பது பக்க நோட்டு ஒன்றில் வரவு, செலவு, யாரிடம் எத்தனை விற்றது என்று அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

இணையத்தில் படம் போடுவது பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பூவின் படத்தைப் போடுங்கள். குழந்தையின் முகம், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல் எதுவும் வேண்டாம். தொடர்பு எண் உங்களுடையதாக இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கக் குறைந்தது பதின்மூன்று வயது ஆக வேண்டும் என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதே ஒழுங்கு. முகம் இல்லாமல் விற்காது என்று சிலர் சொல்வார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃபின் வாழ்த்து அட்டைகள் எப்படித் தொடங்கின என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவில் யுனிசெஃப் உதவி பெற்ற ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழு வயதுச் சிறுமி யிட்கா சாம்கோவா நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். காகிதத் தட்டுப்பாடு, கண்ணாடித் துண்டில் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகிற படம். 1949-இல் அதுவே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது. அதன் பின் பல தலைமுறைகள் அந்த அட்டைகளை வாங்கி உலகக் குழந்தைகளுக்கு நிதி சேர்த்திருக்கின்றன. அந்த முதல் அட்டையில் இருந்தது அவள் வரைந்த படம்தான், அவள் முகம் இல்லை.

பெற்றுக்கொள்கிறவர்களின் முகத்துக்கும் அதே மரியாதை வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று ஒரு வாழைப்பழத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நோயாளியிடம் நீட்டுகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

சட்டம் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு வார்த்தை மட்டும். பள்ளி நேரம் போக, வீட்டில் அபாயமில்லாத வேலையில் குழந்தை குடும்பத்துக்குக் கைகொடுப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் அனுமதிக்கிறது. உங்கள் மகள் செய்வது பொழுதுபோக்கு, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் விற்பனை சூடு பிடித்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து இலக்கு கொடுத்துப் பின்ன வைக்கும் ஆசை பெரியவர்களுக்கு வரும். அங்கே நின்றுவிடுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது; வங்கிக்கு அழைத்துப் போய் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தால் பணம் வீட்டுச் செலவோடு கலக்காது.

இந்த ஊசி வேலைக்குத் தமிழ் மண்ணில் ஒரு கனமான முன்கதை உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கத்தின் பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலம். லேஸ் விற்ற வருமானத்தைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். மகளுக்கு இதைச் சொல்லுங்கள். தன் கையிலிருக்கும் ஊசியை அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, எங்கே கொடுப்பது? மூவாயிரம், நாலாயிரம் போன்ற தொகைக்கு நேரடியாகப் பொருளாக வாங்கிக் கொடுப்பதே நல்லது. குழந்தை கண்ணால் பார்க்கும், பில் கையில் இருக்கும். பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால் அவள் பணம் கடலில் கரைத்த பெருங்காயம் போல ஆகிவிடும், ரசீதுதான் மிஞ்சும். வெள்ளம், புயல் என்று ஊரே தவிக்கும்போது முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு அனுப்பலாம். முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்றால் பதிவு பெற்றதா என்று பார்த்து, முன்கூட்டியே பேசி, அவர்கள் கேட்கிற பொருளைக் கொடுங்கள். பிறந்தநாள் கேக்கும் பிரியாணியும் அவர்களுக்கு வாரம் தவறாமல் வரும். சோப்பும் போர்வையும் வராது. வரிச்சலுகை ரசீது வேண்டுமானால், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். வங்கி வழியாக அனுப்புங்கள்.

கொடுத்து முடித்ததும் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். நீளமாக வேண்டாம். "விற்ற பூக்கள் 96. வரவு 3,840. நூல், கிளிப் செலவு 1,000. மீதி 2,840. ஐந்து மழைக்கோட்டு வாங்கியது 2,500. கையிருப்பு 340, ஆறாவது கோட்டுக்கு 160 குறைகிறது." இதை அவளே எழுதட்டும். குறைகிற 160 ரூபாயை உடனே உங்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். விற்காத நாலு பூ இன்னும் அவளிடம் இருக்கிறது. நாலு நாற்பது நூற்று அறுபது என்பது அவளுக்கே தெரியும்.